சாய்ந்த மாமரமும் சில குடுவைகளும்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்தன. காற்றில் சாய்ந்த அந்த மாமரத்தின் அடிக்கட்டை அத்தனை பருமனாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. அப்பா வைத்த மரம், விறகுக்குக் கொடுக்க மனசு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். வருடக் கடைசி விடுமுறைக்கு அண்ணன், அக்கா, தங்கைகள் எல்லாரும் கூடும்போது ஆளுக்கொரு குடுவை அந்தக் கட்டையிலேயே, உன் கடைசல் லேத்தில் சுழற்றிக் கடைந்து கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். தாராளமாகக் கொடுக்கலாம். உங்கள் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு எனக்குத் தோன்றவில்லை. ஆனால் விடுமுறைக்கு இன்னும் மாதக்கணக்கில் நாள் இருக்கிறது என்று மட்டும் நினைத்துவிடாதே. சாய்ந்த மரம் வெடிக்கத் தொடங்க வெகுநாள் ஆகாது. அதனால்தான் கையோடு பதில் எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. உளியின் முனை இப்போது துல்லியமாகத் தெரிகிறது. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பட்டறைக்கு வருகிறாள். மூடி போட்ட சிமிழ்தான் அவளுக்குப் பிரியம். மற்றதை நேரில் பேசுவோம், முதலில் உன் மரம்.

கட்டையின் இரண்டு வெட்டுமுகங்களிலும் இன்றைக்கே உருக்கிய மெழுகைப் பூசிவிடு. மெழுகு இல்லையென்றால் பழைய பெயின்ட் கெட்டியாக இருந்தாலும் போதும். மரத்தின் நீர் பட்டை வழியாகப் போவதைவிட வெட்டுமுகம் வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். முனை சுருங்கப் பார்க்கும், உள்ளே ஈரமாக இருக்கிற பகுதி விடாது, அந்த இழுபறியில்தான் விரிசல் விழுகிறது. துண்டு போட ஆள் வந்தால் சின்னச் சின்னதாக அறுக்கவிடாதே. எவ்வளவு நீளமாக வைக்க முடியுமோ அவ்வளவு நீளமாக, நிழலில், தரையில் படாமல் கிடக்கட்டும். முனையில் ஒரு சாண் வீணானாலும் நடுப்பகுதி பிழைத்துக்கொள்ளும். கடையப் போகிற துண்டை மட்டும் அப்போதைக்கப்போது அறுத்து, நடுமையம் வழியாக நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடு. நடுமையத்தைச் சுற்றியுள்ள பகுதி எந்தப் பாத்திரத்திலும் தங்கக் கூடாது. விரிசல் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.

மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு சுருங்காது. வளர்ச்சி வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போலச் சுமார் இரண்டு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அதனால் பச்சை மரத்தில் நீ எவ்வளவு வட்டமாகக் கடைந்தாலும் காய்ந்த பிறகு அது நீள்வட்டமாகிவிடும். இன்னொன்று, முதலில் வெளியேறும் நீரால் மரம் சுருங்குவதே இல்லை. ஈரம் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்கும். வீட்டுக்குள் வைத்த மரம் பத்து சதவீதத்தை ஒட்டி நிலைகொள்ளும். இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில்தான் கோணலும் வெடிப்பும். அந்தக் கட்டத்தை மெதுவாகக் கடக்கவைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பெரிய கிண்ணம் வேண்டுமென்றால் வழக்கமான வழி, இரண்டு தடவை கடைவது. முதல் தடவை பச்சையாக இருக்கும்போதே, விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டுக் கடைந்துவிடுவது. பத்து அங்குலக் கிண்ணம் என்றால் சுவரும் அடியும் ஒரு அங்குலம். அப்புறம் காகிதப் பையில் போட்டு, காற்று நேரே அடிக்காத மூலையில் வைத்துவிட வேண்டும். தராசில் நிறுத்து, எடையையும் தேதியையும் அடியில் பென்சிலால் எழுதி வை. வாரத்துக்கு ஒரு முறை நிறுத்துப் பார். எடை இறங்குவது நின்றுவிட்டால் காய்ந்தது என்று அர்த்தம். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதற்குப் பிறகுதான் இரண்டாம் தடவை கடைந்து வட்டத்துக்குக் கொண்டுவருவது. ஆகவே பெரிய கிண்ணங்களை இப்போது முதல் கடைசலோடு நிறுத்தி, அடுத்த வருட விடுமுறைக்கு வைத்துக்கொள். இந்த வருடத்துக்குள் இதை அவசரப்படுத்தாதே.

இந்த வருடத்துக்கு என் யோசனை வேறு. ஈரமாக இருக்கும்போதே ஒரே மூச்சில், சுவர் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும் அளவுக்கு மெல்லிசாகக் கடைந்துவிடு. அவ்வளவு மெல்லிய சுவர் சுருங்கும்போது எதிர்க்காது, வளைந்து கொடுக்கும், அதனால் பெரும்பாலும் வெடிக்காது. சில நாளிலேயே காய்ந்துவிடும். விளிம்பு அலைபோல எழுந்து தாழும், வட்டம் ஒரு பக்கம் நீளும். அதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. உன் தங்கைகள் இருவருக்கும் ஒரே அளவில் கடைந்தாலும் இரண்டும் இரண்டு விதமாகக் காயும். அண்ணனுக்குப் போனது போல அக்காவிடம் இருக்காது. கடையில் வாங்கும் பொருளில் இது கிடைக்காது.

மெல்லிசாகக் கடையும்போது கனத்தை எப்படி அறிவது என்று கேட்பாய். கனம் அளக்கும் காலிப்பர் இருக்கிறது, சரி. ஆனால் பச்சை மரத்துக்கு ஒரு விளக்கு போதும். சுவருக்கு வெளிப்பக்கம் ஒரு விளக்கை வைத்துவிட்டு, பட்டறையின் மற்ற விளக்குகளைக் குறைத்துக்கொண்டு உள்பக்கம் கடைந்துகொண்டு வா. ஒரு கட்டத்தில் சுவர் வழியாக வெளிச்சம் கசியத் தொடங்கும். முதலில் மங்கலான செம்மஞ்சள், இன்னும் ஒரு சீவல் எடுத்தால் தேன் நிறம். எங்கே இருட்டாக இருக்கிறதோ அங்கே கனம் மிச்சம், எங்கே பளிச்சென்று இருக்கிறதோ அங்கே உளியை எடுத்துவிடு. ஈரமான வெளிர் மரம் ஒளியை நன்றாகவே விடும், மாமரத்தின் வெளிப்பகுதி இதற்கு ஏற்றது. விளிம்பிலிருந்து இரண்டு விரல்கடை முடித்துவிட்டு அடுத்த இரண்டு விரல்கடை என்று படிப்படியாக இறங்கு. முடித்த பகுதிக்குத் திரும்பப் போகாதே. அதற்குள் அது காயத் தொடங்கி வட்டம் மாறியிருக்கும், உளி தட்டினால் சுவர் உடைந்துவிடும்.

நீ குடுவை என்று எழுதியதால் வாய் குறுகிய வடிவம்தான் உன் மனசில் இருக்கிறது என்று நினைக்கிறேன். குறுகிய வாய் வழியாக உள்ளே குடைவது வேறு வித்தை. அமெரிக்காவில் டேவிட் எல்ஸ்வொர்த் என்கிற கலைஞர் அதையே தன் வழியாக்கிக்கொண்டவர். மெல்லிய சுவரும் சின்னத் துளையும் கொண்ட அவருடைய குடுவைகளைப் பார்த்து ஒரு தலைமுறையே இந்த வடிவத்துக்கு வந்தது. 1986-ல் அங்கே மரக்கடைசல்காரர்களுக்குச் சங்கம் அமைந்தபோது முதல் தலைவரும் அவர்தான். குடையும்போது உளியின் முனை கண்ணுக்குத் தெரியாது, காதைத்தான் நம்ப வேண்டும். சுவர் மெலிய மெலிய உளிச் சத்தத்தின் சுருதி மாறும். முதல் முயற்சியை வாய் அகலமாக, உள்ளே பார்க்கும்படி வைத்துக்கொள். ஏற்கெனவே காய்ந்த சின்னக் கிளை ஏதாவது கிடைத்தால், நடுவில் ஒரு துளை மட்டும் போட்டு, காய்ந்த பூங்கொத்து வைக்கிற ஒற்றைத்தண்டுக் குடுவையாகக் கடையலாம். குடைகிற வேலையே இல்லை, கவனம் முழுக்க வெளிவடிவத்துக்குப் போகும்.

வெளிவடிவம்தான் எல்லாம். ரேகை எவ்வளவு அழகாக இருந்தாலும் கோடு சரியில்லாத குடுவையை அது காப்பாற்றாது. நிறையப் பேர் நல்ல கட்டை கிடைத்தவுடன் அதில் ஒரு துளிகூட வீணாகக் கூடாது என்று அடியைக் கனமாக விட்டுவிடுகிறார்கள். பாத்திரம் தரையோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். அடிப்பாகம் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் எழுந்து நிற்கும். மிக அகலமான இடத்தை நட்டநடுவில் வைக்காதே. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் தோள் நிமிர்ந்த குடுவை, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வைத்தால் அமைதியான குடுவை. அடியிலிருந்து வாய் வரைக்கும் வளைவு எங்கேயும் தட்டையாகக் கூடாது. லேத் ஓடும்போது உளி படுகிற இடத்தைப் பார்க்காதே, மேல் ஓரத்தில் தெரியும் நிழல்கோட்டைப் பார். அப்புறம் லேத்தை நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் மேலிருந்து கீழே தடவு. கண்ணுக்குத் தப்பிய மேடு விரலுக்குத் தப்பாது. உப்புத்தாளை எடுப்பதற்கு முன்னால் இதைச் செய், ஏனென்றால் உப்புத்தாள் மேட்டை நீக்காது, பளபளப்பாக்கிவிடும்.

கிண்ணத்தின் ஒரு சுற்றில் எதிரெதிரே இரண்டு இடங்களில் மட்டும் மேற்பரப்பு பிய்ந்தாற்போல் சொரசொரப்பாக வரும். அங்கே நார்கள் உளிக்கு எதிராக நிற்கின்றன. அதை உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யப் பார்த்தால் சுற்றியுள்ள மெத்தென்ற பகுதி குழிந்துவிடும். உளியைப் புதிதாகத் தீட்டிக்கொண்டு, தீட்டிய அதன் சாய்வுமுகம் மரத்தில் பட்டும் படாமலும் உரசும்படி பிடித்து, மெல்லிய கடைசிச் சீவல் ஒன்று எடு. கிண்ணத்தின் வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்புக்கும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவுக்கும் கடைய வேண்டும் என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் சொல்வேன். வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அங்குலத்தில் விட்டத்தை நிமிடச் சுற்றுகளால் பெருக்கினால் 6000-க்கும் 9000-க்கும் நடுவில் வர வேண்டும். பத்து அங்குலத்துக்கு 600 முதல் 900 வரை. கோணல்மாணலான கட்டையை முதலில் உருட்டும்போது அதற்கும் மிகக் கீழே, உன் லேத்தின் மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கு. முகக்கவசம் போடாமல் சுவிட்சைத் தொடாதே, சுவிட்ச் போடும்போது கட்டைக்கு நேர் எதிரே நிற்காதே. கையுறை வேண்டாம், தொங்குகிற துணி வேண்டாம். மரத்தூளைச் சாதாரணமாக நினைக்காதே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் வைத்திருக்கிறது. போதாததற்கு மா, முந்திரியின் குடும்பத்தைச் சேர்ந்தது. சிலருக்கு அதன் தூளும் பாலும் பட்டால் தோல் தடிக்கும். உனக்குச் சின்ன வயதிலேயே மாம்பால் ஒத்துக்கொள்ளாது என்பது எனக்கு நினைவிருக்கிறது, முழுக்கைச் சட்டையோடு நில்.

பூச்சுக்கு அரக்கு பாலிஷ் போதும். ஆல்கஹாலில் கரைத்து மெல்லிசாக இரண்டு மூன்று கை, மேலே கொஞ்சம் தேன்மெழுகு. அலங்காரப் பாத்திரம்தானே, தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் அது தாங்க வேண்டியதில்லை. ஆளிவிதை எண்ணெய்தான் வேண்டுமென்றால் விடுமுறைக்குச் சில வாரம் முன்பே பூசிவிடு. குறுகிய வாய்க் குடுவைக்குள் அந்த வாடை லேசில் போகாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதே. காயும்போது அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடு, இல்லையென்றால் தண்ணீரில் நனைத்து வெளியே வை.

பச்சை மரம் வெடிக்காமல் இருக்க ஒரு ரசாயனம் உண்டாமே என்று கேட்டிருந்தாய். பாலிஎத்திலீன் கிளைகால். 1628-ல் முழுகி 1961-ல் தூக்கி எடுக்கப்பட்ட வாசா என்கிற ஸ்வீடன் நாட்டுக் கப்பலைக் காப்பாற்றியது அதுதான். சுருங்கிப் பிளந்துவிடாமல் இருக்க வருடக்கணக்கில் அதை அந்தக் கப்பல்மேல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். கிண்ணம் கடைகிறவர்களும் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அதில் ஊறிய மரம் ஈரத்தை இழுக்கும், மேலே பூச்சும் சரியாகப் பிடிக்காது. உனக்கு வேண்டாம்.

நீ கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருந்த வரிக்கு வருகிறேன். இதில் தண்ணீர் ஊற்ற முடியாது, எதையும் போட்டு வைக்கவும் முடியாது, வெறும் பாத்திரத்தைக் கொடுத்தால் என்ன நினைப்பார்களோ என்று. கொடு. விளக்கம் சொல்லி அதைச் சின்னதாக்காதே. அடியில் மரத்தின் பெயரையும் மரம் சாய்ந்த வருடத்தையும் சூட்டுக்கோலால் எழுதிவிடு. வெயிலில் வைக்காதீர்கள், கழுவாதீர்கள் என்று மட்டும் ஒரு சீட்டு எழுதி உள்ளே போடு. அந்த மரத்தின் கிளையில் ஏறி விழுந்தவர்கள்தானே எல்லாரும். கையில் எடுத்துப் பார்த்தவுடன், என்ன போட்டு வைப்பது என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை.

அண்ணனுக்கு மூடி போட்ட சிமிழ் செய்வதாக இருந்தால், காய்ந்த கட்டையில் மட்டும் செய். கடைந்து ஒன்றிரண்டு வாரம் வைத்திருந்து அதன்பிறகு மூடியைப் பொருத்து. கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், அவர் வீட்டுக் குளிர்சாதன அறையில் மரம் இன்னும் அசையும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். படத்தில் மரம் இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு கவட்டை தெரிகிறது. அதை யாருக்கும் கொடுத்துவிடாதே, விறகுக்காரர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். இரண்டு கிளைகளின் மையத்தையும் சேர்க்கிற கோட்டின் வழியே அறுத்தால் உள்ளே இறகுபோல ரேகை விரியும். மரத்திலேயே அழகான துண்டு அதுதான். மெழுகு பூசி, கோணிப்பையில் சுற்றி வை. அடுத்த மாதம் நான் வரும்போது இரண்டு பேருமாகச் சேர்ந்து அறுப்போம். அதிலிருந்து வருவது அம்மாவுக்கு.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்