மகளின் பித்தம் ஓட உதவியவர்களுக்கு

மகளைத் திருகோணமலைக்குக் கூட்டிவந்து இன்றைக்குப் பன்னிரண்டு நாள். உப்புவெளி வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் எல்லாரும் "என்னதான் பிள்ளைக்கு?" என்று கேட்டீர்கள், ஆளுக்கொரு மாதிரிச் சொல்லிக் குழப்பியவன் நான்தான், அதனால் நன்றியோடு அதையும் எழுதிவிடுகிறேன்.

31 வாரத்தில் பிறந்தவள், குடலில் ஒப்பரேஷன். கொழும்பில் ஐந்து கிழமை வாயால் எதுவும் இல்லை. அமினோ அமிலம், குளுக்கோஸ், கொழுப்பு எல்லாம் நரம்பு வழியாகத்தான். உயிரைப் பிடித்து வைத்ததே அதுதான். ஆனால் நாலாம் கிழமை கண் மஞ்சளாகி, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. நீல லைட்டில் வைத்தால் போகிற மஞ்சள் இல்லையாம், கொழுப்பைச் செரிக்க ஈரல் சுரக்கிற பித்தநீர் குடலுக்குப் போகாமல் ஈரலிலேயே தேங்கி நிற்கிறதாம்.

அன்றிரவு டியூட்டியில் இருந்த டொக்டர் தங்கச்சிக்கு முதல் நன்றி. ஒரு துண்டுக் கடதாசியில் ஈரலைக் கீறிக் காட்டினார். கொலஸ்ட்ரோலில் இருந்து ஈரல் பித்த அமிலம் செய்கிறது, அதில் கிளைசின் அல்லது டோரின் என்ற அமினோ அமிலத்தைக் கொளுவி வெளியே தள்ளுகிறது, அது தன் பின்னால் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது, அப்படித்தான் பித்தம் ஓடுகிறது. பெரியவர்களுக்குக் கிளைசின்தான் கூட. பிறந்த பிள்ளைக்கு அநேகமாக டோரின், அதைத் தானே செய்துகொள்ளும் சக்தியும் குறைவு. அப்போ ஏற்றுகிற மருந்தில் பிழையா என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகத்தான். இல்லை, இவளுடைய கலவையில் டோரின் இருக்கிறது, ஒரு காரணத்தை மட்டும் பிடிக்க ஏலாது, குறைமாத ஈரல், கிருமி, ஏற்றுகிற எண்ணெய், அதோடு குடல் சும்மா கிடக்கிறது. சாப்பாடு பட்டால்தான் பித்தப்பையைச் சுருங்கச் சொல்லிக் குடலில் இருந்து ஹோர்மோன் போகும் என்றார். ஒரு மில்லி தாய்ப்பாலாவது போகட்டும், அதில் டோரினும் உண்டு.

சரி, அந்த ஒரு மில்லிக்குப் பால் வற்றாமல் இருக்க வேண்டுமே. பால் எடுக்கக் கைச்சாடையிலேயே சொல்லிக்கொடுத்த பக்கத்துக் கட்டில் சிங்கள அக்காவுக்கும், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ட்யூப்பில் சொட்டுச் சொட்டாக விட்ட நர்ஸ்மாருக்கும் நன்றி. எங்கள் ஒழுங்கை மீன்கார அண்ணா, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டுப் பால்சுறாவை இரவு ரயிலில் ஏற்றி விட்டீர்கள், ஒருமுறை அல்ல, நாலு முறை. கோட்டையில் இறக்கி வெள்ளவத்தைக்குக் கொண்டுபோனால் சின்னம்மா விடியவே வறை செய்து தந்துவிடுவார். சுறா பால் சுரக்க வைக்குமா என்று கேட்டதற்கு டொக்டர் சிரித்தார்: "மீனில் டோரின் இருக்கு, அம்மா வடிவாச் சாப்பிடட்டும்."

கீழ்க்காய்நெல்லி கொண்டுவந்த பெரியம்மா கோபிக்கக் கூடாது, அதைப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை, நான் குடித்தேன்.

பால் தொடங்கி ஒன்பதாம் நாள், "பச்சையாப் போயிருக்கிறாள்" என்று மனைவி போன் எடுத்தாள். வெள்ளவத்தை பஸ் தரிப்பில் நின்று அழுதேன். மஞ்சள் மெதுவாகத்தான் இறங்கியது, கிளினிக் இன்னும் இருக்கிறது.

அண்ணா, உங்கள் பெட்டி எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது. வந்து எடுங்கோ, அப்படியே பிள்ளையையும் பார்த்துவிட்டுப் போங்கோ.