எங்களை ஊர்தான் பிடித்து வைத்திருக்கிறது

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் மென்பொருள் அலுவலகம் நடத்தும் நிறுவன உரிமையாளர்களுக்கும் முகாமையாளர்களுக்கும்,

வணக்கம். கிழக்கில் கிளை திறப்பதற்கு நீங்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று எங்கள் காதுக்கும் எட்டியிருக்கிறது. கொழும்பில் ஒருவரை எடுத்து வேலை பழக்கினால், வேறு கம்பனி கூடுதல் சம்பளம் காட்டித் தூக்கிக்கொண்டு போய்விடும். இங்கே பிள்ளைகள் அப்படி ஓட மாட்டார்கள் என்பதுதான் அது. நானும் உங்களில் ஒருவரின் அலுவலகத்தில் கணினிக் கோட் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். அந்தக் கணக்கு இனிச் சரிவராது என்று சொல்லத்தான் இந்த மடல்.

இவ்வளவு காலம் அது சரிவந்ததற்குக் காரணம் வேலைத் திருப்தி அல்ல. வேலையை விட்டால் ஊரையும் விட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்த ஒருவருக்கு அடுத்த நல்ல வேலை பெரும்பாலும் கொழும்பில். போனால் வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஒரு போர்டிங், கடைச் சாப்பாடு, வெள்ளி இரவு பஸ், ஞாயிறு இரவு திரும்பவும் பஸ். கூடுதலாகக் கிடைக்கும் காசில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். “வீட்டுச் சோறு, சொந்தக் கட்டில், வேற என்ன மனே வேணும்?” என்று அம்மா கேட்டால் பதில் வராது. அதனால் இருந்தோம். நீங்கள் அதை நிறுவனத்தின் மீதுள்ள விசுவாசம் என்று எடுத்துக்கொண்டீர்கள். வருட முடிவு விருந்துகளில் அப்படித்தான் பேசப்படுகிறது.

அமெரிக்காவில் டெரன்ஸ் மிச்செல், தாமஸ் லீ ஆகியோர் தங்கள் சகாக்களோடு 2001இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத்தான் தொடுகிறது. ஆட்கள் ஏன் போகிறார்கள் என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஏன் இருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். மற்றவர்களோடுள்ள தொடர்புகள், இடத்தோடுள்ள பொருத்தம், விட்டுப் போனால் இழக்க வேண்டியவை ஆகிய மூன்றும் ஒருவரை நிறுத்தி வைக்கின்றன என்றார்கள். மூன்றையும் அலுவலகத்துக்குள் மட்டும் பார்க்கவில்லை, ஊருக்குள்ளும் பார்த்தார்கள். எங்களைப் பொறுத்தவரை தராசு முழுக்க ஊர்ப் பக்கம்தான் சாய்ந்து கிடந்தது.

2020இல் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டில் இருந்து வேலை செய்ய வைத்தது. 2022இல் ரூபாய் விழுந்தது. டொலர் 200 ரூபாயில் இருந்து சில மாதங்களுக்குள் 360 வரை போனபோது, வெளிநாட்டுக் கம்பனிக்கு இணையவழி வேலை செய்தவரின் சம்பளம் ரூபாய்க் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. பக்கத்து வீட்டில் உங்கள் ரூபாய்ச் சம்பளத்தோடு இருந்தவர் அரிசி விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்த அந்த நாட்களிலும் பலர் பற்றரி வைத்துச் சமாளித்து வேலை செய்தார்கள். அன்று பலருக்கும் ஒன்று விளங்கியது. மட்டக்களப்புக் கல்லடியை விட்டுக் கிளம்பாமலே உங்களை விட்டுக் கிளம்பலாம்.

வேலையை விட்டு அப்படிப் போவது லேசான காரியம் என்று நான் சொல்லவில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் போடும் 12 வீதமும் நம்பிக்கை நிதிக்குப் போடும் 3 வீதமும் அங்கே இல்லை. ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற பணிக்கொடையும் இல்லை. 2025 ஏப்ரலில் இருந்து வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் 15 வீதம் வரை வரி வந்துவிட்டது. வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால் சம்பளச் சிட்டை கேட்கிறார்கள். கலியாணம் பேசுகிற இடத்தில் “வீட்டில் இருந்துதான் வேலை” என்று சொல்லிப் பாருங்கள், மறுபக்கம் ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். ஆக, உங்கள் கையில் நல்ல சீட்டுகள் இருக்கின்றன. ஆனால் உங்களில் சிலர் ஆட்களை ‘ஆலோசகர்’ என்று எடுத்து, வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து, சேமலாப நிதியே கட்டாமல் அந்தச் சீட்டுகளை நீங்களாகவே எறிந்துவிடுகிறீர்கள். அப்படி வேலை செய்கிறவர் உங்களிடம் இருந்து போனால் இழப்பதற்கு என்ன இருக்கிறது?

சரி, சம்பளத்தைக் கூட்டி, ஏசி போட்டு, மாதம் ஒருமுறை பிரியாணியும் கிரிக்கெட்டும் வைத்தால் போதுமா? பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்பவர் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959இல் ஒரு முடிவுக்கு வந்தார். சம்பளமும் மேற்பார்வையும் மோசமாக இருந்தால் ஆட்கள் முறுமுறுப்பார்கள். அவற்றைச் சரிசெய்தால் முறுமுறுப்பு நிற்கும், ஆனால் திருப்தி அதனால் வருவதில்லை. செய்து முடித்த வேலை, அதற்குக் கிடைத்த மதிப்பு, பொறுப்பு, வளர்ச்சி, இவற்றில் இருந்துதான் அது வருகிறது என்றார். பின்னால் பலர் அவரை மறுத்து எழுதினார்கள். என்றாலும் எங்கள் அலுவலகங்களுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

இங்கே பெரும்பாலும் நடப்பது இதுதான். வாடிக்கையாளரோடு பேசுவது, வடிவமைப்பைத் தீர்மானிப்பது எல்லாம் தலைமை அலுவலகத்தில். கிளைக்கு வருவது ‘டிக்கெட்’ என்ற பெயரில் துண்டு துண்டான திருத்த வேலைகள். இந்தப் பொத்தான் வேலை செய்யவில்லை, அந்தப் பக்கத்தில் நிரல் ஒன்று பிழை, நாளைக்குள் முடிக்கவும். அந்தப் பொத்தானை யார் அழுத்துகிறார்கள், ஏன் அழுத்துகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு மூன்று வருடம் இப்படிப் போனால், ஊரில் கோட் எழுதும் ஒருவர் ஊரில் படிவம் நிரப்பும் ஒருவராகிவிடுகிறார். எழுதிய கோடைப் பார்த்துத் திருத்திச் சொல்லிக்கொடுக்க ஒரு மூத்தவர் இருந்தால் அதற்காகவே இன்னும் ஒரு வருடம் இருப்பார்கள். அந்த மூத்தவர்தான் முதலில் போகிறார். அவர் போனால் அவரிடம் பழகியவர்களும் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்புகிறார்கள்.

டென்மார்க்கைச் சேர்ந்த கணினி அறிஞர் பீட்டர் நோர் 1985இல் எழுதியதையும் நினைவுபடுத்துகிறேன். ஒரு மென்பொருள் ஏன் இப்படி இருக்கிறது என்ற அறிவு அதை எழுதியவர்களின் மண்டையில்தான் இருக்கிறது. கோடிலும் ஆவணத்திலும் அது முழுதாக வராது, அந்த அணி கலைந்தால் அந்த மென்பொருளும் செத்ததுதான் என்றார் அவர். நீங்கள் போகிறவரிடம் ஒரு மாத நோட்டீஸ் காலத்தில் எழுதி வாங்கப் பார்ப்பது அதைத்தான்.

இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும். டீம் லீட் (அணித் தலைவர்) பதவி என்று வரும்போது பெண்பிள்ளைகளைத் தள்ளி வைக்கிறீர்கள். கலியாணம் முடித்தால் போய்விடுவார்களாம். எங்கள் கரையோரத்தில், தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், வீடு பெண்ணுக்குத்தான் கொடுக்கிறது. கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருகிறார். களுவாஞ்சிக்குடியிலோ சாய்ந்தமருதிலோ தன் பேரில் வீடு இருக்கும் ஒரு பெண்ணை விட உறுதியாக இங்கே இருக்கப்போகிறவர் யார்? கொழும்பில் எழுதப்பட்ட ஆள்சேர்ப்புக் கொள்கையில் இதெல்லாம் இருக்காதுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ராஜினாமாக் கடிதம் வந்த பிறகு நடத்துகிற அந்தக் கூட்டத்தை, கடிதம் வருவதற்கு முன்பே, வருடத்தில் ஒருமுறையாவது நடத்துங்கள். போகிறவர் “சம்பளம் போதாது” என்றுதான் சொல்வார், யாரையும் நோகடிக்காமல் சொல்லக்கூடிய காரணம் அது ஒன்றுதான். இருக்கிறவரிடம் வேறு கேள்வி கேட்கலாம். இந்த வருடம் புதிதாக என்ன பழகினீர்கள், எந்தப் பகுதி முழுக்க உங்கள் பொறுப்பில் இருக்கிறது, வாடிக்கையாளரை ஒரு தடவையாவது நேரில் கண்டீர்களா என்று. கேட்பவர் அவருடைய டீம் லீடாக இருக்கக் கூடாது. கொழும்பில் இருந்து ஸூமில் ஆங்கிலத்தில் கேட்காமல், ஒருவர் இங்கே வந்து தமிழில் கேட்கட்டும். ஸூமில் கேட்டால் உங்களுக்கு இப்போது கிடைக்கிற “எல்லாம் ஓகே சேர்” தான் திரும்பவும் கிடைக்கும்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஒரு மென்பொருள் பொறியியலாளர்