புதினா சோடாவும் மது இல்லாத மொஹிட்டோவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருமண வரவேற்புகளில் மாக்டெயில், அதாவது மது சேர்க்காத கலவை பானங்களுக்கான கவுண்டர் போடுவது என் தொழில். மொஹிட்டோ கேட்டால் பாட்டிலிலிருந்து பச்சை சிரப்பை ஊற்றி, சோடா விட்டு நீட்டுவது இப்போது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பார்க்கவே வேதனையாக இருக்கிறது.

கியூபாவின் மொஹிட்டோவில் வெள்ளை ரம், எலுமிச்சை, சர்க்கரை, புதினா, சோடா சேரும். ரம்மை எடுத்துவிட்டால் அதன் காரம் போய் இனிப்பு தூக்கலாகத் தெரியும். அதனால் சர்க்கரையைக் குறைத்து, எலுமிச்சையைக் கூட்ட வேண்டும். புதினாவை லேசாக அழுத்தினால் போதும், நசுக்கினால் கசக்கும். ரம் சேரும் இன்னொரு பானமான பினா கொலாடாவில் இந்தப் பாடு இல்லை, அன்னாசியும் தேங்காய்ப்பாலும் தாங்கிக்கொள்ளும். மார்ட்டினியில் ஜின்னையும், மூலிகை சேர்த்த ஒயினான வெர்மூத்தையும் எடுத்தால் ஆலிவ் காய்தான் மிஞ்சும். அதை மாக்டெயில் பட்டியலில் போடவே வேண்டாம்.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வோட்கா இல்லாத ப்ளடி மேரியை வெறும் தக்காளிச் சாறு என்று நினைத்து சைவக்காரர்கள் வாங்குகிறார்கள். அதில் விடும் வொர்செஸ்டர்ஷயர் சாஸில் பெரும்பாலும் நெத்திலி வகை மீன் இருக்கும். சில பானங்களில் சொட்டுச் சொட்டாக விடும் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறில் சுமார் 45 சதவீதம் ஆல்கஹால். சில துளிதானே என்று விடலாமா? மார்க்கத்துக்காகவோ மருந்துக்காகவோ மதுவைத் தவிர்ப்பவர்களுக்கு அந்தத் துளியும் முக்கியம். ஓட்டல்கள் இந்த இரண்டையும் மெனு கார்டில் தெளிவாக அச்சிட வேண்டும்.

– மாக்டெயில் கவுண்டர் நடத்தும் வாசகர், ஈரோடு