கடைக்கு 200 வெள்ளி வசூலிப்பதற்கு முன்: தேக்கா கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர்த் தேக்கா வட்டாரத்தில் சிறு கடை நடத்தும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

போன வாரம் காப்பிக் கடையில் நாம் 17 பேர் கூடிப் பேசினோம். தீபாவளிக்குக் கடைக்கு 200 வெள்ளி போட்டு, பெரிய பேனர் அடித்து, சென்னையிலிருந்து ஒரு தொலைக்காட்சி முகத்தை வரவழைத்து இரண்டு மணி நேரம் கையசைக்க வைக்கலாம் என்று பேச்சு போனது. அன்று நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் பேச எழுந்தால் எனக்கு வார்த்தை முன்னுக்குப் பின் வரும். அதனால் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: சிராங்கூன் சாலையிலிருந்து ஒரு சந்து உள்ளே, கடைவீட்டு மாடியில் 19 ஆண்டுகளாகப் பிளவுஸ் தைக்கிறேன். மாடிக்கடை என்பதால் கண்ணாடி அலங்காரம் கிடையாது, வாசலில் பொம்மை கிடையாது. கீழே நடந்து போகிறவருக்கு நான் இருப்பதே தெரியாது. ஆகவே விளம்பரத்துக்காக உங்களில் பலரைவிட நான் அதிகம் தவித்திருக்கிறேன், அதிகம் ஏமாந்தும் இருக்கிறேன்.

ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019இல் ஒரு விளம்பர நிறுவனத்துக்கு மூன்று மாதத்துக்கு 1,800 வெள்ளி கொடுத்தேன். ஃபேஸ்புக்கில் என் பக்கத்துக்கு நாலாயிரத்துக்கு மேல் லைக் வந்தது. மாதா மாதம் வண்ண வண்ணமாக அறிக்கை அனுப்பினார்கள். லைக் போட்டவர்கள் எந்த ஊர் என்று என் மகள் தோண்டிப் பார்த்தபோது பாதிப் பேர் நான் கேள்விப்படாத ஊர்களில் இருந்தார்கள். அங்கிருந்து யார் ஹூக் வைக்க இங்கே வரப்போகிறார்கள்? அந்த விளம்பரத்தைப் பார்த்ததாகச் சொல்லி மாடி ஏறியவர் ஒரே ஒருவர். அவருக்குப் பேன்ட் ஜிப் மாற்ற வேண்டுமாம். நான் ஜிப் மாற்றுவதில்லை.

தப்பு என் பக்கமும் இருந்தது. எத்தனை கிலோமீட்டருக்குள் இருப்பவருக்கு, எந்த வயதுக்காரருக்கு விளம்பரம் காட்ட வேண்டும் என்று அங்கே நாமே அமைத்துக்கொள்ளலாம். நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

பணம் போனபிறகு மகள் ஒரு காரியம் செய்தாள். வருகிற வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் "இங்கே வந்து சேர எது சிரமமாக இருந்தது?" என்று கேட்டாள். கிட்டத்தட்ட எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: எந்தப் படியில் ஏறுவது என்று தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு ரயில் நிலைய வாசலிலிருந்து நடந்தோம். பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடைகள், சாலையைக் கடக்கும் இடம், சந்து திரும்பும் முனை, நீலக் கதவு, படிக்கட்டு என்று ஒன்பது படம். அவற்றைக் கூகல் மேப்பில் என் கடைப் பக்கத்தில் ஏற்றினாள். "எங்கே இருக்கு அக்கா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்பவருக்கும் அதே ஒன்பது படத்தைத்தான் அனுப்புகிறேன். செலவு ஒரு காசு இல்லை. வழி கேட்டுக் கேட்டுக் கடைசியில் வராமலே போனவர்கள் அதற்கப்புறம்தான் வர ஆரம்பித்தார்கள்.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். கூட்டம் முடிந்த இரவு நம் 17 கடைகளையும் மேப்பில் தேடிப் பார்த்தேன். ஐந்து கடை கண்ணிலேயே படவில்லை. ஆறு கடைக்குத் திறக்கும் நேரம் தப்பு. ஞாயிறு மாலைதான் நம் வட்டாரத்தில் கால் வைக்க இடமில்லாத நேரம்; அந்த நேரத்தில் நம் மூன்று கடைகள் மூடியிருப்பதாக அது சொல்கிறது. பூக்கடை அண்ணனின் கடை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று கிடக்கிறது! விடியற்காலையிலேயே வந்து மல்லிகை தொடுப்பவர் அவர். மேப்பில் யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம். யாரோ சொல்லியிருக்கிறார்கள், அண்ணன் பார்க்கவே இல்லை. கடை உங்களுடையது என்று உறுதிப்படுத்திவிட்டால் தப்பை நீங்களே திருத்தலாம். அதற்கும் கட்டணம் இல்லை. இதைச் சரிசெய்யாமல் பேனர் அடித்தால், பேனரைப் பார்த்தவர் கைப்பேசியில் தேடுவார், மூடிய கடை என்று படிப்பார், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்.

அடுத்தது விலைப்பலகை. மேலே போய் விலை கேட்டுவிட்டு வேண்டாம் என்று இறங்கி வர நம் ஆட்களுக்குக் கூச்சம். அதனால் ஏறுவதே இல்லை. சாதாப் பிளவுஸ், லைனிங் வைத்தது, ஃபால்ஸ் அடிப்பது, குஞ்சம் கட்டுவது என்று எல்லாவற்றுக்கும் விலை எழுதிப் படிக்கட்டின் அடியில் மாட்டினேன். ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்யாத கடை அந்த 9 விழுக்காட்டை வசூலிக்கவே கூடாது. ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். நான் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆகவே 'இதுவே இறுதி விலை' என்று கீழே எழுதியிருக்கிறேன். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் ஏறினேன் என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது தீபாவளிப் பேனருக்கு நான் ஏன் தயங்குகிறேன் என்று சொல்ல வேண்டும். என்னிடம் மூன்று மெஷின். நானும் இரண்டு பேரும் முழு மூச்சாக உட்கார்ந்தால் ஒரு நாளைக்கு 14 பிளவுஸ். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே ஆர்டரை நிறுத்திவிடுவேன். அந்த வாரத்தில் விளம்பரம் செய்து நூறு பேரை வரவழைத்தால், நூறு பேரிடமும் முடியாது என்று சொல்ல வேண்டும். முதல் தடவை வந்து வெறுங்கையோடு திரும்பியவர் அடுத்த ஆண்டு நேராக எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூருக்குப் பேருந்து ஏறுவார். முறுக்கு சுடும் அக்காவுக்கும் இதே கதைதான், மருதாணி போடும் தங்கைக்கும் இதேதான். புடவைக் கடைக்கு வேண்டுமானால் கணக்கு வேறு. சரக்கு இருந்தால் எத்தனை பேர் வந்தாலும் விற்கலாம். கையால் செய்து கொடுக்கிற நமக்குக் கூட்டம் தேவைப்படுவது ஆடியில்.

ஆடியில் முகூர்த்தம் இல்லை. மெஷின் சும்மா கிடக்கும், வாடகை மட்டும் சும்மா இருக்காது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒன்று செய்து பார்த்தேன். ஆடி முதல் தேதியிலிருந்து ஆவணி கடைசிவரை தைக்கக் கொடுக்கும் தீபாவளிப் பிளவுஸுக்குப் போன ஆண்டு விலை, கிடைக்கும் தேதியும் ரசீதிலேயே எழுதித் தரப்படும். முதல் ஆண்டு அவ்வளவாக யாரும் வரவில்லை. "தீபாவளிக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கு" என்றார்கள். இரண்டாம் ஆண்டு, ஐப்பசியில் நான் திருப்பி அனுப்பியவர்கள் எல்லாம் ஆடியிலேயே வந்து நின்றார்கள். இப்போது தீபாவளி வேலையில் பாதியை ஆவணிக்குள் முடித்துவிடுகிறேன். ஐப்பசியில் எனக்கும் கொஞ்சம் தூக்கம் கிடைக்கிறது.

ஆடி பிறக்கும் அதே வாரத்தில்தான் இன நல்லிணக்க நாளும் வருகிறது, ஜூலை 21. 1964 கலவரத்தின் நினைவாக 1997 முதல் பள்ளிகளில் அனுசரிக்கிறார்கள். பிள்ளைகள் அன்று ஒருவர் இன உடையை இன்னொருவர் உடுத்திப் போவார்கள். முதல் நாள் மாலை சீனத் தாய்மார்களும் மலாய்த் தாய்மார்களும் பாவாடை சட்டை தேடித் தேக்காவில் அலைவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இடுப்பில் எலாஸ்டிக் வைத்து மூன்றே அளவில் தைத்து வைத்தேன். அளவெடுக்க வேண்டாம், போட்டுக்கொண்டு போகலாம். எதிர்க்கடை ஆன்ட்டி சீனத்தில் எழுதிக் கொடுத்த ஒரு தாளை விலைப்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். முதல் ஆண்டு 11 போனது. வாங்கிய ஒரு தாய் தன் பிள்ளையின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார். போன ஆண்டு 60. நம் கடைகளின் பெயர்ப்பலகையைத் தமிழில் பார்த்தால் எனக்கும் பெருமைதான். ஆனால் உள்ளே என்ன கிடைக்கும் என்பதை மட்டுமாவது இன்னும் இரண்டு மொழியில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்?

என் கடையில் விலை மதிப்புள்ள பொருள் எது என்று கேட்டால் மெஷினைக் காட்டமாட்டேன், அளவு நோட்டைக் காட்டுவேன். பெயர், கழுத்து இறக்கம், கை நீளம், எந்த விசேஷத்துக்குத் தைத்தார், பெண்ணுக்கு எப்போது கல்யாணம் வைத்திருக்கிறார் எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்று இருக்கும். மளிகைக் கடை அண்ணனுக்கு யார் வீட்டில் எந்தப் பொன்னி என்று மனப்பாடம். ஆடிக்கு முன் நான் அனுப்பும் செய்தி மிகச் சின்னது: 'அக்கா, போன ஆண்டு அளவு நோட்டில் இருக்கிறது. சுற்றளவு மட்டும் ஒரு தடவை பார்த்தால் போதும்.' 1,800 வெள்ளி செய்யாததை இந்த ஒரு வரி செய்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. கையில் இருக்கும் எண்ணுக்கெல்லாம் விளம்பரம் தட்டிவிடாதீர்கள். விளம்பரம் வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்துவைக்க 2014 முதல் இங்கே 'அழைக்க வேண்டாம்' பதிவேடு இருக்கிறது. குறுஞ்செய்திக்கு மட்டுமில்லை, வாட்ஸ்அப்புக்கும் அது பொருந்தும். வாடிக்கையாளர் தெளிவாக எழுத்தில் சம்மதம் தந்திருந்தால் கவலை இல்லை. என் ரசீதின் அடியில் 'சலுகை விவரங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்' என்று ஒரு வரியும் கையெழுத்துக்கு இடமும் இருக்கிறது. நிறுத்தச் சொன்னால் அன்றைக்கே நிறுத்திவிடுவேன். யாரோ விற்கும் எண் பட்டியலை வாங்கும் யோசனை கூட்டத்தில் வந்ததே, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

தள்ளுபடிக்கும் இதே மாதிரிதான். ஆண்டு முழுக்க '50 விழுக்காடு' தொங்கினால் யாரும் நம்புவதில்லை என்பது ஒரு பக்கம். ஒரு நாளும் விற்காத விலையைப் போட்டு அடித்துக் காட்டுவது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம் என்பது இன்னொரு பக்கம். விலையை எப்படிக் காட்ட வேண்டும் என்று 2020 நவம்பர் முதல் தனி வழிகாட்டியே நடப்பில் இருக்கிறது. ஐந்து நட்சத்திரம் போட்டால் பரிசு என்பதையும் விட்டுவிடுங்கள், கூகல் அதை அனுமதிப்பதில்லை. பிளவுஸ் போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன் முகம் மலரும் அந்த நிமிடத்தில் "இரண்டு வரி எழுதிவிடுங்களேன் அக்கா" என்று கேட்டால் எழுதிவிடுவார்கள். ஒரு தடவை ஒருவர் 'கை இறுக்கம், பேச்சு கடுகடுப்பு' என்று ஒற்றை நட்சத்திரம் போட்டார். இரண்டும் உண்மை. கையைப் பிரித்துத் தருகிறேன் என்று அங்கேயே பதில் எழுதினேன். பேச்சுக்கு என்ன செய்வது, முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

நோட்டீஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளக்குக் கம்பத்திலும் பொதுச் சுவரிலும் அனுமதி இல்லாமல் ஒட்டுவது குற்றம், அவ்வளவுதான். ஒலி 96.8இல் விளம்பரம் தருவதை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டில் வானொலி ஓடிக்கொண்டே இருக்கும் அம்மாக்கள்தான் எனக்கு நல்ல வாடிக்கையாளர்கள். ஆனால் அது ஆடியில் ஓடட்டும்.

கடைசியாக அந்த 200 வெள்ளி. 17 கடை என்றால் 3,400 வெள்ளி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேரை விடுமுறையில் ஒரு வாரத்துக்கு நல்ல சம்பளம் கொடுத்துப் பிடிப்போம். ஒவ்வொரு கடையாக வரட்டும். மேப்பில் நேரத்தைத் திருத்தி, வாசல் படமும் வழிப் படமும் எடுத்து ஏற்றி, விலைப்பலகையை மூன்று மொழியில் எழுதிக் கொடுக்கட்டும். மிச்சப் பணத்தில் மடித்துப் பையில் வைக்கிற மாதிரி ஒரு தாள் அச்சடிப்போம். ஒரு புடவை வாங்கியவருக்கு அடுத்து என்னவெல்லாம் தேவையோ அதெல்லாம் அதில் வரிசையாக இருக்க வேண்டும்: பிளவுஸ் எங்கே, ஃபால்ஸ் எங்கே, வளையல் எங்கே, பூ எங்கே, மருதாணி எங்கே, பசித்தால் எங்கே. என் கீழ்க்கடைப் புடவைக்காரரும் நானும் ஒருவர் அட்டையை ஒருவர் கொடுத்துக்கொண்டு 10 ஆண்டாக இதைத்தான் செய்கிறோம். இருவருக்குமே நஷ்டம் வந்ததில்லை. அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டை ஏற்கும் கடைகளுக்கு அந்தத் தாளில் ஒரு குறி போட்டுவிடலாம். 2025 ஜனவரியில் வீட்டுக்கு 300 வெள்ளி வந்ததே, அதில் பேரங்காடிக்குப் போனது பாதிதான். மறுபாதி நம்மைப் போன்ற கடைகளிலும் அங்காடிக் கடைகளிலும் செலவழிக்கத்தான் கொடுத்தார்கள்.

தொலைக்காட்சி முகம் வேண்டும் என்று பெரும்பான்மை சொன்னால் என் 200 வெள்ளியையும் தந்துவிடுகிறேன், சண்டை போடமாட்டேன். ஆனால் அடுத்த கூட்டத்துக்கு முன் அவரவர் கடையைக் கைப்பேசியில் ஒரு தடவை தேடிப் பாருங்கள். எப்படித் திருத்துவது என்று தெரியாவிட்டால் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் என் கடைக்கு வாருங்கள். மகள் இருப்பாள், காப்பி இருக்கும். பூக்கடை அண்ணன் முதலில் வரவேண்டும்.

வரும்போது மூன்றாவது படி கொஞ்சம் ஆடும், பார்த்து ஏறுங்கள். கட்டடச் சொந்தக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
நீலக் கதவு மாடி டெய்லர்