தாளைக் கிழித்துவிடாதே, முரளி

ராலே, நார்த் கரோலினா
25-3-2025

அன்புள்ள முரளி,

நலம், நலமறிய ஆவல். அம்மா போன வாரம் ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது மாவடு. உன் பங்கைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். மே மாதம் கொலம்பஸ் வரும்போது கொண்டுவருகிறேன். கவிதாவின் புது வேலை எப்படிப் போகிறது? அதைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்று பக்கமும் பிராக்கெட் புலம்பல்தான், அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் எந்த ஆட்டத்தை எந்த அணி வெல்லும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த தாளைப் பற்றி.

உன் தாளைப் பார்த்தேன். நீ எழுதிய செயின்ட் ஜான்ஸ் அணி சனிக்கிழமை ஆர்கன்சா அணியிடம் தோற்றதோடு எல்லாம் முடிந்தது என்கிறாய். முடியவில்லை. உங்கள் அலுவலகப் போட்டியில் சரியாகச் சொன்ன ஆட்டத்துக்கான புள்ளிகள் 1, 2, 4, 8, 16, 32 என்று சுற்றுக்குச் சுற்று இரட்டிக்கின்றன. ஆட்டங்களின் எண்ணிக்கையோ பாதி பாதியாகக் குறைகிறது. ஆகவே ஒவ்வொரு சுற்றின் மதிப்பும் 32தான். ஆறு சுற்றுக்கும் சேர்த்து 192. முடிந்த இரண்டு சுற்றுகளில் தீர்ந்தது 64. மூன்றில் இரண்டு பங்கு இன்னும் களத்தில் கிடக்கிறது. 2023இல் முதல் தரநிலையில் இருந்த பர்டூ 16ஆம் தரநிலை அணியிடம் (நான்கு மண்டலங்களிலும் அணிகளை வலிமைப்படி 1 முதல் 16 வரை வரிசைப்படுத்துவதுதான் தரநிலை) தோற்றபோது, தாளே போய்விட்டது என்று கைவிட்டவர்கள் ஏராளம். அந்த ஆண்டு முதல் தரநிலை அணி ஒன்றுகூடக் கடைசி எட்டுக்கு வரவில்லை. நான்காம் தரநிலையில் இருந்த யூகான் அணி கோப்பையை எடுத்தது. அதைச் சாம்பியனாக எழுதியிருந்தவர்களுக்கு முதல் வாரத்துச் சேதம் ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது.

இனி நீ பார்க்க வேண்டியது உன் தாளை அல்ல, முரளி, உனக்கு மேலே இருப்பவர்களின் தாள்களை. போட்டி தொடங்கியபின் எல்லாத் தாள்களும் எல்லோர் பார்வைக்கும் திறந்துதானே இருக்கின்றன? நீ அனுப்பிய படத்தில் முதலிடத்தில் இருப்பவரின் தாளை எடுத்து உன்னுடையதோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். இருவரும் ஒரே அணியை எழுதிய இடங்களையெல்லாம் பென்சிலால் அடித்தேன். அந்த ஆட்டங்களில் யார் ஜெயித்தாலும் உங்களுக்கு இடையேயான தூரம் மாறாது. எல்லாம் அடித்தபின் மிஞ்சியவை மூன்றே இடங்கள்.

ஒன்று, மேற்கு மண்டலத்தின் கடைசி ஆட்டம். அவர் ஃப்ளோரிடா என்கிறார். நீ எழுதிய செயின்ட் ஜான்ஸ் இப்போது இல்லை. அங்கே அவருக்கு 8 புள்ளி கிடைக்கக்கூடும், உனக்குக் கிடைக்காது. இரண்டாவது, அரையிறுதி. அவர் டியூக், நீ ஹூஸ்டன், 16 புள்ளி. மூன்றாவது, சாம்பியன். அதிலும் அவர் டியூக், நீ ஹூஸ்டன்; 32 புள்ளி. இன்றைய நிலையில் நீ 9 புள்ளி பின்தங்கியிருக்கிறாய்.

இனி கணக்கைப் பார். ஃப்ளோரிடா மண்டலத்தை வென்றால் இடைவெளி 17 ஆகும். பிறகு ஹூஸ்டன் டியூக்கை வீழ்த்தி இறுதிப் போட்டிக்குப் போனாலும் நீ ஒரு புள்ளி பின்னால்தான் நிற்பாய். ஹூஸ்டன் கோப்பையையும் வென்றாக வேண்டும். ஃப்ளோரிடா வியாழன், சனி இரண்டில் ஏதாவது ஒன்றில் தோற்றுவிட்டால்? ஹூஸ்டன் இறுதிப் போட்டிக்குப் போனாலே நீ 7 புள்ளி முன்னே போய்விடுவாய். அதன்பின் அங்கே என்ன நடந்தாலும் அவரால் உன்னைப் பிடிக்க முடியாது. எனவே வியாழக்கிழமை இரவு நீ கண்விழித்துப் பார்க்க வேண்டியது மேரிலாந்து - ஃப்ளோரிடா ஆட்டம். அதில் நீயே ஃப்ளோரிடா ஜெயிக்கும் என்று எழுதியிருக்கிறாய், தெரியும். அந்த 4 புள்ளி வந்தால் இருவருக்கும் வரும், போனால் இருவருக்கும் போகும். நீ மேரிலாந்துக்குக் கைதட்டு.

வீண் ஆசை காட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை இங்கே லெனோவோ சென்டரில் ஃப்ளோரிடா - யூகான் ஆட்டத்தை நேரில் பார்த்தேன். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் கோப்பை வென்ற யூகான் ஃப்ளோரிடாவை மூச்சு வாங்க வைத்தது. கடைசி மூன்று நிமிடங்களில் வால்டர் கிளேட்டன் ஜூனியர் இரண்டு மூன்று-புள்ளிக் கூடைகளைப் போட்டிராவிட்டால் அன்றே கதை முடிந்திருக்கும். அதில் ஒன்றை ஒற்றைக் காலில் சாய்ந்தபடி எறிந்தார். 77-75. மேரிலாந்தும் அன்று கடைசி நொடியில் டெரிக் குவீன் போட்ட கூடையால் ஒரே ஒரு புள்ளியில் பிழைத்த அணிதான். அவர்களுக்கும் பயம் விட்டுப் போயிருக்கும்.

உனக்கு மேலே இருக்கும் மற்றவர்களோடும் இதே போல் ஒப்பிட்டுப் பார். அவர்களில் ஹூஸ்டனைச் சாம்பியனாக எழுதியவர் ஒருவரும் இல்லை என்றாயே, உன் சொத்தே அதுதான். டியூக் மீது பந்தயம் கட்டி நஷ்டத்தை ஈடுகட்டலாமா என்ற யோசனை வேண்டாம். சின்னப் பரிசுக்கு அவ்வளவு கணக்கு தேவையில்லை.

கடைசி பதினாறில் புதிதாகத் தொடங்கும் போட்டியில் சேர்வதா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாகச் சேர். அங்கே இருப்பவை 15 ஆட்டங்கள், 128 புள்ளிகள். சாம்பியனைச் சரியாகச் சொன்னால் அந்த ஓர் அணி மட்டுமே 4, 8, 16, 32 என்று 60 புள்ளி கொண்டுவரும். அதனால் உன் துணிச்சலை 4 புள்ளி ஆட்டங்களில் சிதறவிடாதே. பத்துப் பேர் ஆடும் போட்டி என்றால் எல்லோரும் எழுதும் டியூக்கையே எழுது. அறுபது எழுபது பேர் என்றால் டியூக்கை எழுதி முதலிடம் பிடிப்பது கடினம். அதே அணியை எழுதியவர்கள் பத்துப் பதினைந்து பேராவது இருப்பார்கள். ஆபர்னையோ ஹூஸ்டனையோ எழுது. இந்த ஆண்டுக்கு முன் நான்கு மண்டலங்களின் முதல் தரநிலை அணிகளும் ஃபைனல் ஃபோருக்கு, அதாவது அரையிறுதிக்கு, வந்தது 2008இல் ஒரே ஒரு முறைதான். ஆனாலும் இந்த ஆண்டு டியூக், ஆபர்ன், ஹூஸ்டன், ஃப்ளோரிடா நால்வரும் மற்றவர்களைவிட ஒரு படி மேலே தெரிகிறார்கள். நானாக இருந்தால் நால்வரையும் அப்படியே விட்டு, சாம்பியனில் மட்டும் மற்றவர்களிடமிருந்து விலகுவேன்.

ஊர்ப் பாசத்தையும் கணக்கில் எடுத்துக்கொள். இங்கே ராலேயில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு டியூக் என்பார்கள், மீதிப் பேர் செத்தாலும் டியூக் என்று எழுத மாட்டார்கள். உங்கள் கொலம்பஸில் மிஷிகனை எழுதக் கை வருமா? மிஷிகனின் பரம எதிரியான ஓஹையோ ஸ்டேட் அணியின் ஊர் ஆயிற்றே. வெள்ளிக்கிழமை மிஷிகன் ஆபர்னோடு மோதுகிறது. அதில் ஆபர்னை எழுதுவதால் அங்கே யாரையும் நீ முந்தப் போவதில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள்.

இரண்டாம், மூன்றாம் இடத்தில் இருப்பவர்களின் தாள்களையும் புதன் இரவுக்குள் அனுப்பு. பென்சிலோடு உட்கார்ந்துவிடுகிறேன். கவிதாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். அம்மா உன்னை ஒருநாள் தொலைபேசியில் கூப்பிடச் சொன்னார். ஞாயிறு காலை வசதிப்படும்.

அன்புடன்,
சேகர்