மலாய்க் கல்யாணத்தில் மேடைக்குப் பின்னால்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த மலேசியப் பயணக் கட்டுரையில், மலாய்த் திருமணம் பற்றிய பகுதியைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. ஆனால் கட்டுரையாளர் கோலாலம்பூரில் ஒரு மண்டபத்துக்குப் போயிருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார், மணமக்களோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பியிருக்கிறார். அதுதான் மலாய்க் கல்யாணம் என்று எழுதியும் விட்டார். கணவரின் வேலை காரணமாக ஜொகூர் மாநிலத்தில் சில ஆண்டுகள் குடியிருந்தவள் நான். பக்கத்து வீட்டுக்காரரின் தங்கை கல்யாணத்துக்கு மூவார் அருகே உள்ள அவர்கள் கிராமத்துக்கு முதல் நாளே எங்களை அழைத்துப் போனார்கள். அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

முதலில் ஒரு திருத்தம். மணமக்கள் ராஜா ராணி கோலத்தில் மேடையில் வந்து உட்கார்ந்ததும் திருமணம் முடிந்ததாகக் கட்டுரை சொல்கிறது. அப்படி மேடையில் உட்காரும் சடங்குக்குப் பெயர் பெர்சாண்டிங். கல்யாணம் அதற்கு முன்பே 'அக்காட் நிக்கா'வில் முடிந்திருக்கும். பள்ளிவாசலிலோ பெண் வீட்டுக் கூடத்திலோ நடக்கும் அது மிகச் சிறிய சடங்கு. பெண்ணின் தந்தையோ அவர் பொறுப்பு கொடுத்த பதிவாளரோ மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்ணை மணமுடித்துத் தருவதாகச் சொல்ல, மாப்பிள்ளை மஹர் (பெண்ணுக்கு அவர் தரும் மணக்கொடை) தொகையைக் குறிப்பிட்டு 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று தடுமாறாமல் சொல்ல வேண்டும். சாட்சிகள் இரண்டு பேரும் 'சா' (செல்லும்) என்றால் முடிந்தது. மாப்பிள்ளைக்கு நாக்கு குழறினால் திரும்பச் சொல்லச் சொல்வார்கள், கூடம் முழுக்கச் சிரிப்பாக இருக்கும். அதுவரை சற்றுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் பெண்ணின் விரலில் மாப்பிள்ளை மோதிரம் போட, அவள் அவர் கையை முத்தமிடுவாள். அழைப்பு அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது விருந்து நேரம்தான் என்பதால், வெளியூர் விருந்தாளிகள் பெரும்பாலும் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

பெர்சாண்டிங் பற்றி இன்னொன்று. மேடை, மஞ்சள் அரிசி தூவுதல், பன்னீர் தெளித்தல் எல்லாம் 'நம் இந்துப் பண்பாடு' என்று கட்டுரையாளர் பெருமைப்பட்டிருக்கிறார். இந்தியத் தொடர்பு உண்டு என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதே காரணத்தைச் சொல்லித்தான் அங்கே சில மார்க்க அறிஞர்கள் இந்தச் சடங்கு வேண்டாம் என்கிறார்கள். பன்னீர் தெளிப்பதை விட்டுவிட்ட குடும்பங்களும் உண்டு. மற்றவர்களுக்கு அது பாட்டி காலத்து வழக்கம், அவ்வளவுதான். விருந்துக்குப் போன இடத்தில் உட்கார்ந்து 'இது எங்களுடையது' என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கட்டுரையில் அடியோடு விடுபட்டது 'ரெவாங்'. ஜாவா வழிவந்த குடும்பங்கள் நிறைய உள்ள ஜொகூரில் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஊர் கூடிச் சமைப்பதுதான் ரெவாங். முதல் நாளே அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு கத்தியோடு வந்து பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, எலுமிச்சைப் புல் என்று மலைபோல் குவிந்து கிடக்கும். வீட்டுக்குப் பின்னால் தற்காலிகக் கொட்டகையில் விறகடுப்பு மூட்டி, பெரிய இரும்புக் கடாயில் ரெண்டாங் என்ற இறைச்சிப் பதார்த்தத்தைக் கிளறுவது ஆண்களின் வேலை. தேங்காய்ப்பால் வற்றி எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்காகக் கிளற வேண்டும், கை ஓய்ந்தால் அடுத்தவர் துடுப்பை வாங்கிக்கொள்வார். நான் வெங்காயம் உரிக்க உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த மாக்சிக் (அங்கே வயதில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிட வேண்டும்) எனக்கு ஒரு பலகையைத் தள்ளிவிட்டார். எனக்குத் தெரிந்த மலாயும் அவருக்குத் தெரிந்த இரண்டொரு தமிழ்ச் சொல்லும் போதுமானதாக இருந்தன. யாருக்கு யார் சொந்தம், எந்தப் பையனுக்கு இன்னும் பெண் அமையவில்லை, போன கல்யாணத்தில் யார் வீட்டு நெய்ச்சோறு குழைந்தது, எல்லாம் அங்கேதான் தெரியவந்தது. நகரத்து மண்டபங்களில் சமையல் கான்டிராக்டருக்குப் போய்விட்டதால் இதெல்லாம் இல்லை. வேலை மிச்சம்தான், ஆனால் எனக்கென்னவோ அந்த மண்டப விருந்துகள் கொஞ்சம் வெறுமையாகவே தெரிந்தன.

மாப்பிள்ளை ஊர்வலத்தில் முழங்குவது 'ஏதோ மலாய் மேளம்' என்று எழுதியிருப்பதும் சரியில்லை. ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல் கட்டிய கொம்பாங் அது. ஒருவர் விட்ட இடைவெளியில் அடுத்தவர் அடிப்பார், எல்லோரும் சேர்ந்தால்தான் தாளம் முழுமையாகும். மணமக்களுக்கு முன்னால் ஆடிக் காட்டும் சிலாட் என்ற தற்காப்புக் கலை, 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மாப்பிள்ளை இடுப்பில் சுற்றியிருந்த சொங்கெட் ஜரிகைத் துணிக்கு 2021இல் அந்த இடம் கிடைத்தது. படத்துக்கடியில் ஒரு வரியாவது போட்டிருக்கலாம்.

கடைசியாக அந்தப் பெட்டிச் செய்தி. 'கூடாரம் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ச் சாப்பிடலாம்' என்கிறது. மலாய்க்காரர்கள் யாரையும் விரட்ட மாட்டார்கள் என்பது உண்மை. அதை நம்பி அழைக்காத வீட்டுக்குள் நுழைவது வேறு. அதைவிடப் பயனுள்ளவை எத்தனையோ உண்டு. விருந்து பெரும்பாலும் பதினொரு மணியிலிருந்து நான்கு மணிவரை, எப்போது வேண்டுமானாலும் போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். மணமக்கள் வரும் நேரம் அட்டையில் இருக்கும். மொய் எழுதும் வழக்கம் இல்லை, விடைபெறும்போது கைகுலுக்கலோடு பண உறையைக் கொடுத்துவிட வேண்டும். பெண்கள் கை நீட்டினால் ஒழிய ஆண்கள் நீட்ட வேண்டாம். உடை அடக்கமாக இருந்தால் புடவையே போதும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம்: மேஜையில் இருக்கும் டால்ச்சா பார்க்கச் சாம்பார் மாதிரி பருப்பும் காய்கறியுமாக இருக்கும், ஆனால் அதில் மாட்டெலும்பு போட்டு வேகவைப்பது சகஜம். ரெண்டாங்கும் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். கேட்டால் யாரும் தவறாக நினைப்பதில்லை. எங்களுக்குக் கேட்கும் முன்பே கோழிக் குழம்பைத் தனியாகக் கொண்டுவந்து வைத்தார்கள். சைவக்காரர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

பள்ளி விடுமுறை நாட்களில் அங்கே கல்யாணங்கள் அதிகம், நம் ஆட்களும் அப்போது நிறையப் போகிறார்கள். அதற்குள் அந்தப் பெட்டிச் செய்தியையாவது திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருச்சி.