தாராசுரம் நாயன்மார் சிற்பங்களுக்கு விளக்கப் பலகையும் பாதுகாப்பும் வேண்டி மனு

அனுப்புநர்:
தாராசுரம் பகுதிப் பொதுமக்கள்,
கும்பகோணம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
கண்காணிப்புத் தொல்லியலாளர் அவர்கள்,
இந்தியத் தொல்லியல் துறை, திருச்சி வட்டம்.

பொருள்: ஐராவதேசுவரர் கோயில் குறுஞ்சிற்பங்களுக்குத் தமிழில் விளக்கப் பலகை வைத்துப் பாதுகாக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இரண்டாம் இராஜராஜன் 12ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த எங்கள் ஊர்க் கோயில், 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. வெளியூரிலிருந்து வருகிறவர்களில் பலர், குதிரை பூட்டிய தேராக அமைந்த இராஜகம்பீரன் திருமண்டபத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, பலிபீடத்தை ஒட்டிய, தட்டினால் இசை எழுப்பும் இசைப்படிகளைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இக்கோயிலின் ஆகப் பெரிய செல்வம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அது கருவறைப் புறச்சுவரின் அடிப்பகுதியில், குனிந்து பார்க்கவேண்டிய உயரத்தில் இருக்கிறது.

அறுபத்துமூன்று நாயன்மார் வரலாறும் அங்கே கருங்கல்லில் சிறுசிறு காட்சிகளாக ஓடுகிறது. சேக்கிழார் பெரிய புராணம் பாடியது இம்மன்னனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். தந்தை காலத்தில் சொல்லாக வந்தது, ஒரு தலைமுறைக்குள் மகன் காலத்தில் கல்லாக நின்றுவிட்டது. காவியம் பிறந்த சூட்டோடு அதைக் கேட்ட சிற்பிகள் செதுக்கியவை இவை என்பதை நினைக்கும்போது உடல் சிலிர்க்கிறது. கண்ணப்பர் இருக்கிறார். சுந்தரர் பதிகம் பாட, முதலை தான் விழுங்கிய பிள்ளையைத் திருப்பித் தரும் அவிநாசி நிகழ்ச்சியும் இருக்கிறது. பல காட்சிகளுக்கு மேலே அக்காலத் தமிழ் எழுத்திலேயே பெயர்க்குறிப்பும் வெட்டியிருக்கிறார்கள். அவ்வெழுத்து இன்று பழகியவர்களுக்கு மட்டுமே விளங்கும். தேவாரம் படித்த பிள்ளைகள்கூட எது யார் கதை என்று தெரியாமல் கடந்து போகிறார்கள்.

எனவே ஒவ்வொரு காட்சிக்கும் நேர் எதிரே, சுவரில் ஆணி அடிக்காமல், தரையில் தாழ்வான பலகை வைக்க வேண்டுகிறோம். கல்வெட்டின் வாசகம் இன்றைய எழுத்திலும், கதை இரண்டு மூன்று வரியிலும் இருந்தால் போதும். சிற்பங்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பதால் தடவிப் பார்க்காதவர் குறைவு; விரல் பட்டுப் பட்டு முக அமைப்பு தேய்ந்துவிடும். இசைப்படிகளுக்குப் போட்டதுபோன்ற கூண்டு இங்கே வேண்டாம், அது சிற்பத்தை மறைத்துவிடும். கை எட்டாத தொலைவில் முழங்கால் உயரக் கம்பித்தடுப்பு இருந்தாலே போதுமானது. காட்சிகள் அனைத்தையும் முப்பரிமாண முறையில் பதிவுசெய்து மக்கள் பார்வைக்குத் தரவும் வேண்டுகிறோம்.

கோயில் வளாகம் சுற்றியுள்ள தரைமட்டத்தைவிடத் தாழ்ந்திருப்பதால் மழைக்காலத்தில் நீர் தேங்குகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகால்களைத் தூர்வாரித் தர வேண்டும்.

பலகை வாசகங்களைச் சரிபார்க்க எங்கள் பகுதித் தமிழாசிரியர்களும் ஓதுவார்களும் ஊதியமின்றி உதவ ஆயத்தமாக உள்ளனர். தங்கள் அலுவலர் ஒருவர் கோயிலில் எங்களைச் சந்திக்க நாள் குறித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தாராசுரம் பகுதிப் பொதுமக்கள்